ரயில் ஓடுகிறது, யாரும் பேசவில்லை: ஒரு ஜப்பானியப் படத்தின் உணர்ச்சி எங்கே இருக்கிறது?

2025 மார்ச் கடைசியில் சமூக ஊடகங்களில் முகப்புப் படங்கள் திடீரென்று ஒரே மாதிரி மாறின. ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் புதிய பட உருவாக்க வசதியைத் திறந்துவிட்டதும், கல்யாணப் போட்டோ, குழந்தை போட்டோ, அரசியல்வாதி போட்டோ என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ‘ஜிப்லி பாணி’க்கு மாற்றிப் பகிர்ந்தார்கள். இளம்பச்சைப் புல்வெளி, பஞ்சு மேகம், பளபளக்கும் கண்கள். ஜிப்லி என்ற ஜப்பானிய அனிமேஷன் ஸ்டுடியோவின் பெயரையே அந்த வாரத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டவர்கள் நிறைய.

பெயரைப் பிடித்துக்கொண்டு அசல் படங்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். அவற்றில் ஒரு படத்தில் ஒரு சிறுமி ரயிலில் சும்மா உட்கார்ந்து போகிறாள். சண்டை இல்லை, சாவு இல்லை, வசனமும் கிட்டத்தட்ட இல்லை. இருந்தும் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. அதே பாணியில் மாற்றிய நம் போட்டோவைப் பார்த்தால் ‘நல்லா இருக்கே’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. கோடு அதேதான், நிறமும் அதேதான். பிறகு எது வரவில்லை?

வராமல் போனது நேரம். ஜிப்லி படங்களின் உணர்ச்சி வரைந்த விதத்தில் இருப்பதைவிட, அசைவு எங்கே நிற்கிறது, இசை எப்போது நுழைகிறது, எவ்வளவு நேரம் ஒதுங்கியிருக்கிறது என்பதில்தான் அதிகம் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

எந்தப் படம், யார் செய்தது

படம் ‘ஸ்பிரிட்டட் அவே’. ஜப்பானில் 2001 ஜூலை 20 அன்று வெளியானது. இயக்கம் ஹயாவோ மியாசாகி, இசை ஜோ ஹிசாயிஷி. தயாரித்தது 1985இல் தொடங்கப்பட்ட ஸ்டுடியோ ஜிப்லி. (ஜிப்லி என்பது சகாராப் பாலைவனத்துக் காற்றுக்கு இத்தாலியர்கள் வைத்திருந்த பெயர், அந்தப் பெயரில் ஓர் இத்தாலிய விமானமும் இருந்தது. இத்தாலிய உச்சரிப்புப்படி அது ‘கிப்லி’. மியாசாகி ‘ஜிபுரி’ என்றார், அதுவே நிலைத்துவிட்டது.) 2002இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. 2003இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஜப்பானிய வசூல் பட்டியலில் 2020 டிசம்பர் வரை முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

கதை சிறியது. பத்து வயது சிஹிரோ, பெற்றோரோடு புது வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சுரங்கவழியைத் தாண்டி, தெய்வங்கள் குளிக்க வரும் ஓர் ஊருக்குள் மாட்டிக்கொள்கிறாள். அங்கே சாப்பாட்டைக் கண்டு ஆசைப்பட்ட பெற்றோர் பன்றிகளாகிவிடுகிறார்கள். குளியல் மாளிகையை நடத்தும் சூனியக்காரி யுபாபா சிறுமிக்கு வேலை கொடுக்கிறாள். கொடுக்கும்போதே அவள் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடுங்கிக்கொள்கிறாள். சிஹிரோ ‘சென்’ ஆகிறாள். சொந்தப் பெயர் மறந்துபோனால் வீடு திரும்ப வழியில்லை.

‘மா’ என்றால் என்ன

அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2002இல் மியாசாகியைச் சந்தித்தபோது ஒன்றைக் கேட்டார். உங்கள் படங்களில் பாத்திரங்கள் கதைக்குத் தேவையே இல்லாமல் ஒரு கணம் உட்கார்ந்திருக்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், ஓடும் தண்ணீரைப் பார்க்கிறார்கள், இது எதற்கு என்று. மியாசாகி சில தடவை கைதட்டிக் காட்டினார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் ‘மா’ என்றார். மூச்சுவிட இடமில்லாமல் அடுத்தடுத்து நிகழ்ச்சிகளைத் திணித்தால் அது வெறும் பரபரப்பாகிவிடும், நடுவில் ஒரு கணம் விட்டால்தான் படத்தின் இறுக்கம் அகலமாகும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இந்தச் சொல் அவர் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானிய எழுத்தில் ‘மா’வை எழுதினால் ஒரு வாசற்கதவு, அதன் இடுக்கில் சூரியன். பழைய வடிவத்தில் சூரியனுக்குப் பதிலாக நிலா. இரண்டு கதவுகளுக்கு நடுவே வெளிச்சம் வரும் இடைவெளி. கட்டடக்காரர் தூணுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடத்துக்கு இந்தச் சொல்லை வைத்திருக்கிறார்; மேடையில் கதை சொல்பவர் சிரிப்புக்கு முன்னால் விடும் நிறுத்தத்துக்கும் அதே சொல்தான். ஜப்பானின் பழைய மேடைக்கலையான ‘நோ’ நாடகத்தின் பெரும் ஆசான் செயாமி, 15ஆம் நூற்றாண்டிலேயே, நடிகன் எதுவும் செய்யாத இடம்தான் சுவையானது என்று எழுதிவைத்திருக்கிறார். ஒரு அசைவு முடிந்து அடுத்தது தொடங்காத இடம் அது. அங்கே நடிகன் உள்ளுக்குள் பிடியை விடாமல் நின்றால் பார்ப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

இதை ‘மௌனம்’ என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். சத்தம் இல்லாதது மௌனம். ‘மா’ என்பது இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று இருப்பதால் அர்த்தம் பெறும் வெற்றிடம். கைதட்டல் இல்லாவிட்டால் நடுவில் இருப்பது வெறும் காத்திருப்பு.

சும்மா இருப்பதையும் வரைய வேண்டும்

அனிமேஷனில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. திரைப்படம் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகிறது. கையால் வரையும் ஜப்பானிய அனிமேஷனில் ஒவ்வொரு ஓவியமும் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பிரேம்களுக்கு நிற்கும். அப்படிப் பார்த்தால் ஒரு பாத்திரத்தின் ஒரு நொடி அசைவுக்கு எட்டு முதல் பன்னிரண்டு ஓவியங்கள்.

2. கேமரா வைத்துப் படம் எடுக்கும்போது நடிகை வசனம் முடிந்து சும்மா நின்றால், அந்த நிற்பு தானாகப் பதிவாகிறது. முடி பறக்கும், கண் சிமிட்டும், மூச்சு ஏறி இறங்கும். அதற்குத் தனிச் செலவு கிடையாது. ஓவியத்தில் அந்த மூச்சையும் யாராவது உட்கார்ந்து வரைய வேண்டும்.

3. அதனால்தான் தொலைக்காட்சி அனிமேஷன், 1963இல் வந்த ‘ஆஸ்ட்ரோ பாய்’ காலத்திலிருந்தே, சிக்கனத்துக்காக உருவத்தை அப்படியே உறையவைத்து வாயை மட்டும் அசைக்கப் பழகியது. அந்த உறைவு வேறு, ‘மா’ வேறு. உறைந்த படம் செத்திருக்கும். மியாசாகியின் நிற்பில் உயிர் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குக் காசும் செலவாகியிருக்கும்.

சிஹிரோ காலணியை மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று வருகிறது. மாட்டியதும் ஓடிவிடுவதில்லை, காலணிக்குள் கால் சரியாக உட்காருவதற்காக நுனிக்காலைத் தரையில் தட்டிவிட்டுத்தான் ஓடுகிறாள். கதைக்கு இது துளியும் வேண்டாம். வெட்டி எறிந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் பள்ளிக்கு நேரமாகி வாசலில் நின்று அப்படித் தட்டாத பிள்ளை உலகத்தில் இல்லை. அந்த ஒரு தட்டலில் அவள் கார்ட்டூன் பாத்திரம் என்பது மறந்து, தெரிந்த வீட்டுப் பெண்ணாகிவிடுகிறாள். பிற்பாடு அவளுக்கு என்ன நடந்தாலும் நமக்கு வலிப்பதற்கு முன்பணம் இங்கேதான் கட்டப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. பாத்திரங்கள் எளிய கோட்டில், தட்டை நிறத்தில் இருக்கின்றன. பின்னணிகள் போஸ்டர் கலரில் கையால் தீட்டியவை: சுவரில் கறை, மரத்தில் தேய்மானம், படியில் ஈரம் எல்லாம் இருக்கும். தோக்கியோ பக்கத்தில் கொகனெய் ஊரில் பழைய கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. கொதிகலன் அறைத் தாத்தா காமாஜிக்குப் பின்னால் தெரியும் மூலிகை இழுப்பறைச் சுவர், அங்கே இருக்கும் ஒரு பழைய எழுதுபொருள் கடையின் சுவரைப் பார்த்துப் பிறந்தது. உலகம் கனமாக, நிஜமாக இருக்கிறது. அதற்குள் நிற்கும் சிறுமி மெல்லிய கோடு. அவள் தனியாக இருக்கிறாள் என்பதை வசனம் சொல்ல வேண்டியதில்லை.

இசை: முதலில் பாட்டு, பிறகு படம்

தமிழ் சினிமாவில் பின்னணி இசைக்குத் தொழில்காரர்கள் சொல்லும் பெயர் ‘ரீரெக்கார்டிங்’. வழக்கமாகப் படத்தை எடுத்து, வெட்டி ஒட்டி முடித்தபின் இசையமைப்பாளருக்குப் போட்டுக்காட்டுவார்கள். அவர் காட்சிக்கு ஏற்ப இசை எழுதுவார். மியாசாகியும் ஹிசாயிஷியும் இதற்கு முன்னால் இன்னொரு படி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘இமேஜ் ஆல்பம்’.

படம் இன்னும் முடியாத கட்டத்தில் மியாசாகி பாத்திரங்களையும் இடங்களையும் பற்றிக் குறிப்புகள் எழுதிக் கொடுப்பார். அந்தச் சொற்களையும் ஓவியங்களையும் வைத்துக்கொண்டு ஹிசாயிஷி ஒரு முழு ஆல்பமே போட்டுவிடுவார். அது தனியாக வெளியாவதும் உண்டு. பிறகு படம் வளர வளர, அதிலிருந்து எந்த மெட்டு எங்கே உட்காரும் என்று முடிவாகும். இதன் விளைவு சாதாரணமானதல்ல. மெட்டு ஒரு காட்சியின் வெட்டுகளைத் துரத்திக்கொண்டு பிறக்கவில்லை. ஓர் இடத்தின், ஓர் ஆளின் இயல்பிலிருந்து பிறந்திருக்கிறது. அதனால் காட்சியில் கதவு படாரென்று சாத்தினால் இசையும் படாரென்று அடிக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

ஹிசாயிஷி 1950இல் பிறந்தவர். இயற்பெயர் மமோரு புஜிசாவா. அமெரிக்க இசைக்கலைஞர் குயின்ஸி ஜோன்ஸின் பெயரை ஜப்பானிய எழுத்தில் விளையாட்டாகத் திருப்பிப் போட்டு வைத்துக்கொண்டதுதான் இந்த மேடைப்பெயர். இளமையில் ‘மினிமலிசம்’ என்ற இசைப்போக்கில் ஊறியவர். சின்னச் சுரத்தொடர் ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்து, கேட்பவருக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே போவது அந்தப் போக்கின் வழி. 1984இலிருந்து மியாசாகியின் நெடும்படங்களுக்கு அவரே இசை. ஜப்பானிய இயக்குநர் தகேஷி கிதானோவின் ‘கிக்குஜிரோ’வுக்கும் (1999) அவர்தான்; மிஷ்கினின் ‘நந்தலாலா’வுக்கு (2010) தூண்டுதலாக இருந்த படம் அது.

ஹிசாயிஷியின் மெட்டுகள் தமிழ்க் காதுக்கு உடனே நெருங்கிவருவதற்கு ஒரு சின்னக் காரணம் சொல்லலாம். நவீன ஜப்பானியப் பாட்டுகளில் பரவலாகப் புழங்கும் சுரவரிசை ஒன்றுக்கு ‘யோனாநுகி’ என்று பெயர். ‘யோ’ நான்கு, ‘நா’ ஏழு, ‘நுகி’ நீக்கியது. நான்காம் சுரமும் ஏழாம் சுரமும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச, ரி, க, ப, த. அதாவது நம் மோகனம். ஹிசாயிஷி இந்த வரிசைக்குள்ளேயே அடைந்து கிடப்பவரல்ல. மேற்கத்திய சுரக்கட்டுகளை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ‘கார்டு’கள்) அடியில் போட்டு, மேலே ஐந்து சுர வாசனையோடு மெட்டை நடக்கவிடுவது அவருக்குப் பிடித்த வேலை. தெரிந்த முகம், ஆனால் தெரியாத ஊரில். ஏக்கம் என்று நாம் சொல்லும் உணர்ச்சிக்கு இது நல்ல விளைநிலம்.

படத்தின் முதல் நொடிகளே இதற்குச் சான்று. ‘அந்தக் கோடைக்கு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தனிப் பியானோ. சில சுரக்கட்டுகள், நடுவில் இடைவெளி விட்டு, தயங்கித் தயங்கி விழுகின்றன. எந்தச் சுருதியில் போய் அமரப்போகிறோம் என்று அவை உடனே சொல்வதில்லை. திரையில் பிரிவுபசார அட்டையோடு ஒரு பூங்கொத்து, காரின் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கும் பெண். பழைய பள்ளியை விட்டுப் போகிறாள், புதியது இன்னும் வரவில்லை. இசையும் அதே நிலைமையில் இருக்கிறது: கிளம்பிவிட்டது, சேரவில்லை.

சோற்று உருண்டையும் கண்ணீரும்

படத்தில் மக்கள் அதிகம் அழுவது இரண்டு இடங்களில் என்று தோன்றுகிறது. ஒன்று சோற்று உருண்டை.

மாளிகையில் முதல் இரவு முடிந்த காலை. ஹாக்கு என்ற பையன் அவளை ரகசியமாகப் பன்றித் தொழுவத்துக்குக் கூட்டிப்போய்ப் பெற்றோரைக் காட்டுகிறான். வெளியே வந்து பூச்செடிகளின் நிழலில் உட்கார்கிறார்கள். அவளுடைய பழைய உடைகளைத் திருப்பித் தருகிறான். அதற்குள் அந்தப் பிரிவுபசார அட்டை. அதில் தன் பெயரைப் படித்ததும்தான் தெரிகிறது, அதை ஏறக்குறைய மறந்தே போயிருக்கிறாள். அப்புறம் ஹாக்கு ஓனிகிரி எனும் சோற்று உருண்டையை நீட்டுகிறான். வேண்டாம் என்கிறாள். மந்திரம் போட்டிருக்கிறேன், சாப்பிடு என்கிறான். ஒரு கடி. இன்னொரு கடி. மூன்றாவதில் கண்ணீர் கொட்டுகிறது. ஓவியர்கள் அதை முத்து முத்தாக, இயற்கைக்கு மீறிய பெரிய துளிகளாக வரைந்திருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது வரிசை. பெற்றோரைப் பன்றியாகப் பார்த்தபோது அவள் அழவில்லை. பெயரை இழந்தபோதும் அழவில்லை. ஒருவர் சோறு கொடுத்ததும் அழுகிறாள். பயத்தில் இறுகியிருக்கும் உடம்பு ஆபத்து நீங்கிய பிறகுதான் உடையும். துக்க வீட்டில் யாராவது ஒரு டம்ளர் காபியைக் கையில் திணித்ததும் உடைந்துபோகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மியாசாகி கண்ணீரைக் காரணத்திடமிருந்து பிரித்து, நேரம் விட்டு, வேறொரு செயலில் வைக்கிறார். இசையும் அவளை முந்திக்கொண்டு அழுவதில்லை. ‘இப்போது அழுங்கள்’ என்று வயலின்கள் உத்தரவு போடுவதில்லை. பின்னால் ஓரமாக நடந்துவருகிறது, அவ்வளவுதான்.

ரயில்

இப்போது அந்த ரயில்.

ஹாக்குவைக் காப்பாற்ற, யுபாபாவின் இரட்டைச் சகோதரி இருக்கும் ‘சதுப்பின் அடி’ என்ற ஊருக்கு சிஹிரோ போக வேண்டும். காமாஜி, நாற்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கி மிச்சம் வைத்த டிக்கெட்டுகளைத் தேடி எடுத்துத் தருகிறார். முன்பெல்லாம் திரும்பிவரும் வண்டியும் இருந்தது, இப்போது போகும் வண்டி மட்டும்தான் என்கிறார். ஆறாவது நிறுத்தம். கூட வருவது முகமிலி என்ற கறுப்புருவம், எலியாக மாறிய குழந்தை, பூச்சியளவு சுருங்கிய பறவை.

மழை பெய்து நிலமெல்லாம் கடலாகியிருக்கிறது. தண்டவாளம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கிறது. இதற்கப்புறம் சில நிமிடங்களுக்கு, கதை என்று சொல்லத்தக்க எதுவும் நடப்பதில்லை.

1. பயணிகள் இருக்கிறார்கள், ஆனால் நிழல்கள். தொப்பியும் பெட்டியுமாக, உள்ளே ஊடுருவிப் பார்க்கக்கூடிய உருவங்கள். முகம் இல்லை. யார், எங்கே போகிறார்கள் என்று படம் விளக்குவதே இல்லை. ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

2. வழியில் ஒரு நடைமேடையில் ஒரு சிறுமியின் நிழல் நிற்கிறது. யாருக்காகவோ காத்திருக்கிறாள். வண்டி அவளைக் கடந்துபோகிறது. அவள் ஒரு கணம், பிறகு இல்லை.

3. அந்தி சாய்கிறது. ஜன்னலுக்கு வெளியே நியான் விளக்குகள் ஓடுகின்றன. வெளியே இருட்ட இருட்ட, பெட்டிக்குள்ளிருக்கும் வெளிச்சம் கூடுவதுபோல் இருக்கிறது. சிஹிரோ நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் பயம் இல்லை, சிரிப்பும் இல்லை.

4. இசை ஒரு மெதுவான பியானோ. அடியில் தந்திக் கருவிகள். மெட்டு எங்கேயும் உச்சத்துக்கு ஏறுவதில்லை. மினிமலிசப் பழக்கம் இங்கே கைகொடுக்கிறது: திரும்பத் திரும்ப வரும் சுரங்கள் தண்டவாளத் தாளம்போல் ஆகிவிடுகின்றன, ஆனால் ரயில் ஓட்டத்தை அப்பட்டமாகக் காப்பியடிப்பதும் இல்லை.

இது ஏன் கலங்க வைக்கிறது? எனக்குத் தோன்றும் காரணம் இது. அதுவரை படம் நெரிசல். குளியல் மாளிகை முழுக்கச் சத்தம், சிவப்பு, தங்கம், சாப்பாடு, கத்தல். முகமிலி ஆட்களை விழுங்கிக்கொண்டு திரிந்த கூத்து இப்போதுதான் முடிந்திருக்கிறது. அந்த நெரிசலுக்கு உடனே பின்னால் தண்ணீர், வானம், நீலம். நம் கண்ணும் காதும் இரைச்சலுக்குப் பழகியிருந்ததால் காலியிடம் இரட்டிப்பாக விரிகிறது. இப்போது நம்மிடம் எந்தத் தகவலும் கேட்கப்படவில்லை. நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மனம் தன் சொந்தச் சரக்கை இறக்கத் தொடங்கிவிடுகிறது: தான் ஏறிய ரயில், தான் திரும்பாத ஊர், தன்னை வழியனுப்ப நின்றவர். நிழல்களுக்கு முகம் இல்லாதது இதற்கு வசதி. முகத்தை நாமே போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் காட்சி கணக்குப் போட்டு வைத்ததா? இல்லை என்றே மியாசாகி சொல்லியிருக்கிறார். காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டு முழுவதும் முடியும் முன்பே படத்தயாரிப்பைத் தொடங்கிவிடுவது அவர் வழக்கம். முதன்முதலாகத் தனியாக ரயிலில் போகும் பிள்ளையின் தனிமையைக் காட்ட, வெளியே மலையோ காடோ இல்லாத வெறுமை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போதுதான், முன்பு மழையைக் கொட்டவைத்து எல்லாவற்றையும் கடலாக்கி வைத்தது எவ்வளவு அதிர்ஷ்டம் என்று அவருக்கே புரிந்ததாம். தன்னையறியாமல் செய்த ஒன்று பிறகு காரணம் தேடிக்கொண்டது.

‘ஜப்பானியர்களே அப்படித்தான்’ என்பது சோம்பேறி விளக்கம்

‘மா’வைப் பற்றிப் படித்துவிட்டு, ஜப்பானியப் படம் என்றாலே அமைதி, மென்மை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. இன்னொரு ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவைப் பார்த்தால் அது நிற்காது. அவருடைய கருவி முரண்.

1948இல் அவர் ‘ட்ரங்கன் ஏஞ்சல்’ எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய அப்பா இறந்துபோனார். துக்கத்தோடு ஷிஞ்சுகு தெருக்களில் நடந்தவருக்கு ஒலிபெருக்கியிலிருந்து ‘குக்கூ வால்ட்ஸ்’ என்ற குதூகலமான மெட்டு கேட்டது. துக்கம் பல மடங்கானது. அதையே படத்தில் வைத்தார்: தோற்றுப்போன ரவுடி தெருவில் தள்ளாடி வருகிறான், பின்னால் அந்தக் குயில் மெட்டு. சோகமான வயலின் அவனுக்குத் துணையாக இருந்திருக்கும். குயில் மெட்டு அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. உலகம் தன்பாட்டுக்குப் போகிறது என்பதைவிடக் கொடுமை என்ன?

1985இல் வந்த ‘ரான்’ படத்தில் இதன் உச்சம். மகன்களின் படைகள் கிழட்டு அரசனின் கோட்டையைத் தாக்குகின்றன. குதிரைகள், அம்புகள், ரத்தம், தீ எல்லாம் திரையில் இருக்க, போரின் சத்தம் மட்டும் முழுதாக அணைக்கப்பட்டிருக்கிறது. தோரு தகெமித்சுவின் இசை மட்டும் கனத்து ஓடுகிறது. வானத்திலிருந்து யாரோ கையாலாகாமல் பார்ப்பதுபோல் இருக்கும். பிறகு ஒரே ஒரு துப்பாக்கி வெடி, மொத்தப் போர்ச் சத்தமும் ஒரே அடியாகத் திரும்பிவிடுகிறது.

மியாசாகியும் குரோசாவாவும் எதிரெதிர் ஆட்கள். ஆனால் இருவரிடமும் இசை காட்சிக்கு எடுபிடி இல்லை. படம் ஏற்கனவே சொல்லிவிட்டதை அது மறுபடி சொல்வதில்லை.

இடைவெளியை அடைத்தால் என்ன ஆகும்

இதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது. மியாசாகியின் 1986 படமான ‘காசில் இன் த ஸ்கை’யை டிஸ்னி நிறுவனம் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, அதில் நீண்ட நேரம் இசையே இல்லாத பகுதிகள் அமெரிக்கப் பார்வையாளர்களை நெளியவைக்கும் என்று கருதப்பட்டது. ஹிசாயிஷியே உட்கார்ந்து கூடுதல் இசை எழுதி, ஆர்க்கெஸ்ட்ராவோடு விரித்துக் கொடுத்தார். புதிய இசை தனியாகக் கேட்க அழகுதான். ஆனால் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், மூலத்தில் காலடிச் சத்தமும் காற்றும் மட்டும் இருந்த இடங்களில் இப்போது என்ன உணர வேண்டும் என்று இசை முன்கூட்டியே தெரிவித்துவிடுவது தெரியும்.

வீட்டில் நாமும் இதே அடைப்பைத் தினமும் செய்கிறோம். ஓடிடியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் வசனம் புரிகிறது, கதை புரிகிறது. ரயில் காட்சி மட்டும் காணாமல் போகிறது, ஏனென்றால் அதில் புரிந்துகொள்ளக் கதை எதுவும் இல்லை. அதன் நீளம்தான் அதன் உள்ளடக்கம். படம் முடிந்ததும் பெயர்ப்பட்டியலைத் தாண்டி அடுத்ததுக்கு இழுத்துப்போகும் பொத்தானும் இதே ரகம்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றிய சர்ச்சையில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். ‘இது உயிருக்கே அவமதிப்பு’ என்று மியாசாகி சொன்னதாக 2025இல் பரவிய காணொளி, 2016இல் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படத்திலிருந்து வந்தது. அவருக்குக் காட்டப்பட்டது ஜிப்லி பாணிப் போட்டோ அல்ல. கணினி தானாகக் கற்று உருவாக்கிய, தரையில் நெளிந்து நகரும் ஓர் உருவத்தின் அசைவு. அதைப் பார்த்ததும் அவர் பேசியது, கையை அசைக்கவே சிரமப்படும் உடல் ஊனமுற்ற நண்பர் ஒருவரைப் பற்றி. அவருடைய கோபம் அசைவைப் பற்றியது. ஒரு உடம்பு எப்படி அசைகிறது என்று யோசிக்காமல் அதை அசைக்கிறார்களே என்பது. ஓவியப் பாணியைத் திருடிவிட்டார்கள் என்பது வேறு வாதம்; அதற்கும் நியாயம் உண்டு, ஆனால் இந்தக் காணொளி அதற்குச் சாட்சி ஆகாது.

அப்படியென்றால் அசையாத படம் உணர்ச்சி தரவே தராதா? ‘ஸ்பிரிட்டட் அவே’யே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. கடைசியில் யூமி கிமுரா லையர் என்ற சிறு யாழை மீட்டிக்கொண்டு, மூன்று எண்ணிக்கைத் தாளத்தில், தாலாட்டுபோல் ஒரு பாட்டுப் பாடுகிறார். (மியாசாகியின் கைவிடப்பட்ட வேறொரு படத்துக்காகப் பிறந்த பாட்டு அது. வரிகள் வகாகோ காகு.) அந்தப் பாட்டு ஓட ஓடத் திரையில் வருவதெல்லாம் அசையாத ஓவியங்கள். நாம் இரண்டு மணி நேரம் ஓடித் திரிந்த அதே இடங்கள், இப்போது நின்றுபோய். போட்டோவை மாற்றி நாம் செய்ததும் இதே மாதிரி நின்ற படம்தான். வித்தியாசம், இவற்றுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் கிடக்கிறது. கடைசிப் படம் தண்ணீரில் கிடக்கும் ஒரு குழந்தையின் காலணி. சின்ன வயதில் சிஹிரோ ஆற்றில் விழுந்த கதை தெரிந்தவர்கள் மட்டும் இருக்கையை விட்டு எழ இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார்கள்.